இலக்கணம் ஈன்ற கவர்ச்சி

சினிமாச் செய்திகளைத் தாங்கிவரும் தமிழ் ஏடுகளிலே 'கிளமர்' என்னும் ஆங்கிலச் சொல் ஏறத்தாழத் தமிழ்ச் சொல்லாகவே நடமாடுகின்றது. கவர்ச்சி என்பது அதற்குக் கொள்ளப்படும் பொருள். அதிலும் உடலின் கவர்ச்சி, உடையின் கவர்ச்சி என்ற குறுகிய பொருளே பெரும்பான்மை. ஆங்கிலம் பேசுவோரும் இன்று அச்சொல்லை இதற்கு வெகு தூரம் விலகாத பொருளிலேயே வழங்குகின்றனர். ஆனால் இச்சொல்லை ஈன்ற தாய் யாரென வினவினால், கிடைக்கும் விடை பலரைத் திகைக்க வைக்கும். பள்ளிப் பிள்ளைகள் பெயரைக் கேட்டதுமே சோர்வடையும் 'கிரமர்', அதாவது இலக்கணம், என்ற சொல்லே அதன் தாய். வறண்ட பாடம் என்று பழி சுமந்து நிற்கும் இலக்கணத்தின் வயிற்றிலே திரைத் தாரகையரின் அடைமொழி பிறந்தது எங்ஙனம்?

இக்கதையின் தொடக்கம் கிரேக்க நாட்டிலே. கிரேக்க மொழியில் 'கிரம்மா' என்றால் எழுத்து. எழுத்தைப் பற்றிய கலையை அவர்கள் 'கிரம்மாத்திக்கே தெக்னே' என்றனர். அதுவே இலத்தீனுக்குச் சென்று 'கிரமாத்திக்கா' ஆயிற்று. நான்காம் நூற்றாண்டிலே உரோமாபுரியில் வாழ்ந்த தொனாத்துசு என்பவரும், ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கொன்சுதாந்திநோபிளில் இருந்து 18 நூல்களாக இலத்தீன் இலக்கணம் வகுத்த பிரிசியன் என்பவரும் ஐரோப்பியப் பள்ளிகளை ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஆட்சி புரிந்தனர் என்றால் மிகையாகாது. மத்திய காலத்தில் ஏழு கலைகள் என்று வகுத்தவற்றுள் இலக்கணமே முதற் கலை. தருக்கமும் அணியியலும் அதன் பின்னரே வந்தன. அக்காலத்து ஐரோப்பியர் 'கிரமர்' என்றபோது இன்று பாடப்புத்தகம் கூறும் எழுவாய் பயனிலையை மட்டும் கருதினாரல்லர். அவர்களுக்கு அது இலத்தீன் மொழியே. இலத்தீனில் எழுதப்பட்டிருந்த வைத்தியம், வானியல், சட்டம், சமயம் யாவும் அடங்கிய கல்வியே. 'கிரமர் ஸ்கூல்' என்று ஆங்கிலப் பள்ளிகளுக்கு வழங்கிய பெயரும் அங்கு இலத்தீன் கற்பிக்கப்பட்டது என்பதனைக் காட்டுவதேயாகும்.

எழுத்தறிந்தோர் சிலராகவும் எழுத்தறியாதார் கோடிக் கணக்காகவும் வாழ்ந்த காலம் அது. உழவன் ஒருவன் கோயிலிலே நிற்கின்றான். குருவானவர் தோற்சுவடியைப் பார்த்து முணுமுணுக்கின்றார். அந்த மொழி அவனுக்கு விளங்காது. அந்தக் கோடுகளும் சுழிகளும் எவ்வாறு ஒலியாகின்றன என்பதும் விளங்காது. ஆயினும் அந்த ஒலியினாலே குழந்தை கிறிஸ்தவனாகின்றது, திருமணம் நிறைவேறுகின்றது, இறந்தவன் கரையேறுகின்றான். நூலகங்கள் சிலவற்றிலே நூல்கள் இரும்புச் சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தன. விலை மிகுந்த பொருளைக் காப்பதே அதன் நோக்கம். வெளியே நின்று பார்ப்பவனுக்கோ ஏதோ கொடிய விலங்கைக் கட்டிவைத்திருப்பது போலத் தோன்றியிருத்தல் கூடும்.

எழுத்தின் வல்லமை வெறும் கற்பனையன்று என்பதற்கு இங்கிலாந்தின் நீதிமன்றங்களிலே ஒரு சான்று உண்டு. குருமாரைச் சாதாரண நீதிமன்றம் தூக்கிலிட முடியாது என்ற சலுகை நாளடைவிலே வாசிக்கத் தெரிந்த எவருக்கும் உரியதாயிற்று. குற்றவாளியின் முன் வேதநூலை விரித்து வைப்பார்கள். ஐம்பத்தோராம் சங்கீதத்தின் முதல் வசனத்தை அவன் வாசித்துவிட்டால் கழுத்துத் தப்பியது. அவ்வசனத்திற்குக் 'கழுத்து வசனம்' என்றே பெயர் வழங்கியது. நாடகாசிரியர் பென் ஜோன்சன் 1598ஆம் ஆண்டு ஒரு நடிகரை வாட்போரிலே கொன்றுவிட்டு இந்தச் சலுகையினாலேயே உயிர் தப்பினார். கைப் பெருவிரலிலே சூடு மட்டும் வாங்கிக்கொண்டார். எழுத்தறியாத கள்வர் சிலர் அவ்வசனத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்ததும் உண்டு. 1827ஆம் ஆண்டிலேதான் இச்சலுகை இங்கிலாந்தில் முற்றாக ஒழிந்தது. தூக்குக் கயிற்றையே அவிழ்க்க வல்ல ஒரு வரியைப் பாமரன் மந்திரம் என்று நம்பியதிலே குற்றம் என்ன?

கற்றவனே மந்திரவாதி என்ற எண்ணம் இவ்வாறு வேரூன்றியது. அதனாற் பெயர் கெட்ட பெரியோர் பலர். வேர்ஜில் என்னும் மாபெரும் இலத்தீன் கவிஞரைப் பிற்காலத்தார் நேப்பிள்ஸ் நகரத்து மாயக்காரராக்கினர். அவர் வெண்கலத்தில் ஓர் ஈயைச் செய்து வைத்தாராம். அது இருக்கும்வரை நகருக்குள் ஈ எதுவும் வரவில்லையாம். 999ஆம் ஆண்டிலே இரண்டாம் சில்வெஸ்தர் என்ற பெயரோடு பாப்பரசரான கெர்பேர் என்பவர் ஸ்பானிய எல்லையிலே கணிதம் கற்றவர். நூறு ஆண்டு கழித்து எழுதிய ஒரு சரித்திரகாரர், அவர் அராபிய ஆசானிடமிருந்து மந்திர நூலைத் திருடினார் என்றும், கேள்விக்கு விடை கூறும் தலையொன்றை வார்த்து வைத்திருந்தார் என்றும் எழுதிவைத்தார். பேசும் வெண்கலத் தலைக் கதை ரோஜர் பேக்கன் என்னும் பதின்மூன்றாம் நூற்றாண்டு ஒக்ஸ்போட் அறிஞர் மீதும் ஏறியது. அந்தப் பேக்கன் உண்மையிலே எழுதிய நூல்களுள் ஒன்று கிரேக்க மொழி இலக்கணம் என்பது சுவையான செய்தி.

இவ்வரிசையிலே கிளமரின் கதைக்கு மிக வேண்டியவர் மைக்கேல் ஸ்கொற். ஸ்கொத்லாந்தின் பெயரையே தம் பெயராகக் கொண்ட இவர் ஸ்பானியாவிலுள்ள தொலேதோ நகரிலே அரபு மொழி கற்று, அரபிலிருந்த வானியல் நூலொன்றை 1217ஆம் ஆண்டு இலத்தீனாக்கினார். விலங்குகளைப் பற்றி அரிஸ்தோத்தில் எழுதியவற்றையும் மொழிபெயர்த்தார். பின்னர் இரண்டாம் பிரெடெரிக் பேரரசனின் அவையிலே சோதிடராக வீற்றிருந்தார். மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்குக் கிடைத்த கூலியைப் பாருங்கள்! இத்தாலியக் கவிஞர் தாந்தே தமது காவியத்திலே அவரை நரகத்திற் கொண்டுபோய், தலை பின்புறம் திருகப்பட்ட சோதிடர் கூட்டத்திலே நிறுத்தினார். தாய்நாட்டு மக்களோ, எயில்டன் என்ற ஒரே மலையை ஓர் இரவிலே மூன்றாகப் பிளந்தவர் என்றும், மெல்றோஸ் மடாலயத்திலே தம் மந்திர நூலோடு அடக்கம் செய்யப்பட்டவர் என்றும் அவரைப் பற்றிப் பேசிவந்தனர்.

சொல்லும் மக்களின் நம்பிக்கையைப் பின்தொடர்ந்தது. பழைய பிரெஞ்சு மொழியிலே 'கிரமேர்' என்பது இலக்கணத்தையும் குறித்தது, மாய வித்தையையும் குறித்தது. அச்சொல் சற்றே திரிந்து 'கிரிமுவார்' ஆயிற்று. பிரெஞ்சிலே இன்றும் அது மந்திரச் சுவடியின் பெயர். ஆங்கிலத்தில் 'கிரமரி' என்ற வடிவம் முதலிற் கல்வியையும் பின்பு சூனியத்தையும் சுட்டியது. 'ஸ்பெல்' என்ற சொல்லின் வரலாறும் இதற்கு அயலானது அன்று. பழைய ஆங்கிலத்தில் அது பேச்சு, கதை என்ற பொருளுடையது. பின்னர் மந்திர உச்சாடனமாயிற்று. எழுத்துக் கூட்டுதலைக் குறிக்கும் 'ஸ்பெல்' பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தபோதிலும் அடி வேர் அதுவே. எழுத்துக் கூட்டும் பிள்ளையும் மந்திரம் செபிக்கும் கிழவியும் ஆங்கிலத்திலே ஒரே வினையைச் செய்கின்றனர்.

கிரமர் என்பது ஸ்கொத்லாந்து மக்கள் நாவிலே புரண்டபோது முதலிலுள்ள ரகரம் லகரமாயிற்று. ஒரே சொல்லில் இரண்டு ரகரம் நெருங்கி நின்றால் நா அவற்றுள் ஒன்றை மாற்றிக்கொள்வது பல மொழிகளிலும் காணப்படும் இயல்பு. இலத்தீனிலே 'பெரெகிரினுஸ்' என்றிருந்த அயல்நாட்டு வழிப்போக்கன் ஆங்கிலத்தில் 'பில்கிரிம்' ஆனதும், 'மார்மோர்' என்ற சலவைக்கல் 'மார்பிள்' ஆனதும் இவ்வாறே. ரகர லகர உறவு தமிழருக்குப் புதியதன்று. பந்தல் பந்தர் எனவும் சாம்பல் சாம்பர் எனவும் வருவதனைத் தமிழ் இலக்கணம் போலி என்று பெயரிட்டு வைத்திருக்கின்றது. ஆனால் தமிழ்ப் போலியிலே பொருள் மாறுவதில்லை. ஸ்கொத்லாந்திலோ எழுத்து மாறியதோடு குடும்பமும் பிரிந்தது. ரகரத்தோடு நின்ற கிரமர் பள்ளிக்கூடத்திலே தங்கிவிட, லகரம் பெற்ற கிளமர் மாயாவிகளோடு காட்டுவழி போயிற்று.

இந்தப் பிறப்பை ஒப்பாத ஆராய்ச்சியாளரும் இருந்தனர். ஐஸ்லாந்து மொழியில் 'கிளாம்' என்ற அடியோடு கண்மயக்கத்தைக் குறிக்கும் சொல் உண்டு. அந்நாட்டுப் பழங்கதையொன்றிலே கிளாம் என்னும் இடையன் பேயாகி வீடுகளின் கூரைமேல் ஏறி ஆட்டுகின்றான். கிரெத்திர் என்ற வீரன் அவனை வீழ்த்துகின்றான். அந்த வேளையில் முகிலிடையே நிலவு வெளிப்பட, பேயின் கண்கள் நிலவை நோக்கி உருளுகின்றன. அந்தக் கண்கள் என்றும் உன் முன்னே நிற்கும் என்று பேய் சபிக்கின்றது. அன்று முதல் அவ்வீரன் இருட்டிலே தனியே இருக்க அஞ்சினான். உள்ளதை வேறாகக் காண்பவனுக்குக் 'கிளாம் கண் கொடுத்தான்' என்று சொல்லும் வழக்கு இதனால் வந்ததென அக்கதையே கூறுகின்றது. கதை மிக அழகியது, ஒலியும் ஒத்துவருகின்றது. ஆயினும், ஸ்கொத்லாந்துச் சொல்லின் பழைய வடிவங்களும், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இலக்கணத்திற்கு ஏற்பட்ட மந்திரப் பொருளும் சேர்ந்து நிற்கையிலே, அகராதியாளர் பெரும்பாலோர் இலக்கணத்தையே தாயென ஏற்றனர். அழகிய கதையைச் சான்றுக்காகக் கைவிடுவது சொல்லாராய்ச்சியாளருக்கு அடிக்கடி நேரும் துன்பம்.

ஸ்கொத்லாந்தார் கிளமர் என்றபோது எதனைக் கருதினர்? பிரித்தானியத் தீவுகள் எங்கும் வழங்கிய மருத்துவிச்சிக் கதை ஒன்று அதனை நன்கு விளக்கும். நள்ளிரவில் ஒரு பெருமகன் குதிரையேறி வந்து மருத்துவிச்சியை அழைத்துச் செல்கின்றான். ஒளி வீசும் மாளிகை. பட்டு மெத்தையிலே அழகிய தாய். பிறந்த குழந்தையின் கண்ணிலே பூசும்படி ஒரு தைலத்தைக் கொடுக்கின்றனர். பூசும்போது மருத்துவிச்சியின் ஒரு கண்ணிலே அத்தைலம் பட்டுவிடுகின்றது. உடனே அந்தக் கண்ணுக்கு மாளிகை மறைகின்றது. ஈரம் கசியும் ஒரு குகை, சருகுப் படுக்கை, சுற்றிலும் மெலிந்த சிறு உருவங்கள். மறு கண்ணுக்கோ மாளிகை மாளிகையாகவே தோன்றுகின்றது! சில நாட் கழித்துச் சந்தையிலே அதே பெருமகன் களவு செய்வதைக் கண்டு அவள் நலம் விசாரிக்கின்றாள். எந்தக் கண்ணால் என்னைக் காண்கின்றாய் என்று கேட்டு அவன் அந்தக் கண்ணைக் குருடாக்கிப் போகின்றான். இங்கே மாளிகை என்ற பொருள் எக்காலத்தும் இருந்ததில்லை. குகை எதுவாகவும் மாறவும் இல்லை. மாறியது பார்ப்பவளின் கண். பொருளைத் தொடாமற் கண்ணை மட்டும் பிடிக்கும் வித்தை, அதுவே பழைய கிளமர். 'கிளமரை வீசுதல்' என்பதே வழக்கு. வலையை வீசுவது போலக் கண்களின் மேல் அதனை வீசினார்கள்.

அச்சில் ஏறிய மிகப் பழைய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, வியப்புக்குரியவாறு, பங்குச் சந்தையைப் பற்றிய பாட்டிலே கிடைக்கின்றது. எடின்பரோ நகரத்திலே பொய்மயிர்த் தொப்பி செய்யும் தொழிலிலிருந்து புத்தக வணிகத்திற்கு வந்த கவிஞர் அலன் ராம்சே அதனைப் பாடினார். 1720ஆம் ஆண்டு தென்கடற் கம்பெனியின் பங்குகள் தை மாதத்திலே ஏறத்தாழ 130 பவுணிலிருந்து கோடையிலே 1000 பவுண்வரை ஏறின. ஆண்டு முடியுமுன் 200 பவுணுக்கும் கீழே சரிந்து, பிரபுக்களையும் வேலைக்காரரையும் ஒருசேர ஓட்டாண்டிகளாக்கின. செல்வத்தின்மேல் ஆசை கொண்டு ஆன்மாவை விற்கும் சூனியக்காரியின் கண்ணிலே சாத்தான் கிளமரை வீசுவதனை அவர் அந்த ஏமாற்றத்திற்கு உவமையாக்கினார். தம் கவிதைத் தொகுப்பிற்கு எழுதிய சொல்விளக்கத்திலும், மந்திரவாதிகளும் செப்படி வித்தைக்காரரும் பார்ப்போர் கண்ணை ஏமாற்றுவதே கிளமர் என்று பொருளுரைத்தார்.

கவிஞருக்கு உவமையாய் உதவிய அந்நம்பிக்கை அதே பத்தாண்டிலே ஓர் ஏழையின் உயிரையும் உண்டது. ஸ்கொத்லாந்தின் வடபகுதியிலே டோர்னொக் என்னும் ஊரில் 1720களில் ஒரு கிழவி சூனியக்காரியென எரிக்கப்பட்டாள். தன் மகளைக் குதிரைக் குட்டியாக்கிச் சாத்தானைக் கொண்டு இலாடம் அடிப்பித்தாள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு. தீயின் அருகே அவள் குளிர் காய்ந்தாள் என்பதும் அக்கதையின் ஒரு பகுதி. பிரித்தானியாவிலே சூனியத்திற்காகச் சட்டப்படி கொல்லப்பட்ட கடைசி உயிர் அவளுடையது. 1563ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஸ்கொத்லாந்திலே குற்றஞ்சாட்டப்பட்டோர் மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர், பெரும்பாலோர் பெண்கள். மந்திரத்தின் பெயர் எழுத்துக் கல்வியிலிருந்து பிறந்தது. அதற்காகத் தீயில் வீழ்ந்தவர்களிலே பெரும்பாலோர் ஓர் எழுத்தும் அறியாதவர்கள். மைக்கேல் ஸ்கொற்றுக்கு மடாலயத்திலே கல்லறை; டோர்னொக் கிழவிக்குத் தார்ப் பீப்பா. 1736ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் சூனியம் செய்தவரைத் தண்டிப்பதை விட்டு, சூனியம் செய்ய வல்லேன் என்று பாசாங்கு செய்வோரைத் தண்டித்தது. மாயம் என்பது சட்டத்தின் கண்ணிலே வெறும் மோசடியாகச் சுருங்கியது அன்றுதான்.

நாடோடிப் பாடல்களிலோ கிளமர் வாழ்ந்துகொண்டிருந்தது. நாடோடிகளான ஜிப்சிகள் ஒரு பிரபுவின் வாயிலிலே வந்து பாடுகின்றனர். அவர் மனைவி இறங்கி வருகின்றாள். அவள் முகத்தைக் கண்டதும் ஜிப்சிகள் அவள்மீது கிளமரை வீசுகின்றனர். அவள் பட்டாடையைக் களைந்து போர்வையைச் சுற்றிக்கொண்டு அவர்களோடு போய்விடுகின்றாள். ஜொனி ஃபா என்னும் ஜிப்சித் தலைவன் பெயரிலே வழங்கும் இப்பாடலின் நாயகி கசில்ஸ் பிரபுவின் மனைவி என்று மக்கள் கூறினர். ஆனால் அக்குடும்பத்தின் கடிதங்கள் அதற்கு மாறாகவே சான்று பகர்கின்றன. பாட்டிலே காதல் வீரனாக வரும் ஃபா குடும்பத்தின் உண்மை வரலாறு துயரமானது. ஜிப்சிகள் நாட்டில் இருப்பதே மரணதண்டனைக்குரிய குற்றமென 1609ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் விதித்தது. 1624ஆம் ஆண்டிலே ஜோன் ஃபா என்பவனும் அவனைச் சேர்ந்த எழுவரும் அந்தக் குற்றத்திற்காகவே தூக்கிலிடப்பட்டனர். மனைவி தானே விரும்பிப் போனாள் என்று ஒப்ப மனமில்லாதவர்களுக்கு, கிளமர் என்ற சொல் எவ்வளவு வசதியாய் இருந்திருக்கும்!

ரொபேட் பேர்ன்ஸ் 1789ஆம் ஆண்டிலே, பழம்பொருள் ஆராய்ச்சியாளரான தம் நண்பர் கப்டன் குரோஸ் ஊரூராகத் திரிவதைக் கேலி செய்து பாடிய பாட்டிலே, ஜிப்சிகளின் கிளமரையும் நரகத்தின் கிரமரையும் அடுத்தடுத்த அடிகளின் இறுதியில் இயைபாக நிறுத்தினார். பிரிந்துபோன தாயும் மகளும் அங்கே அருகருகே நிற்கின்றனர். பேர்ன்ஸ் உறவறிந்து செய்தாரோ, ஓசையின்பத்திற்காகச் செய்தாரோ, கவிஞனின் காது அகராதியாளரை முந்திக்கொண்டது.

இச்சொல்லை ஸ்கொத்லாந்தின் எல்லையைக் கடத்தி ஆங்கில இலக்கியத்திற்குள் கொண்டுவந்தவர் சேர் வோல்ற்றர் ஸ்கொற். 1805ஆம் ஆண்டு வெளிவந்த 'கடைசிப் பாணனின் பாட்டு' என்னும் அவரது நெடுங்கவிதையிலே, முன்னே கூறிய மைக்கேல் ஸ்கொற்றின் கல்லறை மெல்றோஸ் மடாலயத்திலே நள்ளிரவில் திறக்கப்படுகின்றது. மந்திர நூல் வெளிவருகின்றது. அது ஒரு குறும்புக்காரக் குள்ளனின் கையிற் சிக்குகின்றது. அவன் அதிலே ஒரேயொரு மந்திரத்தை வாசித்து முடிக்குமுன் கண்காணாத கையொன்று அவனை அறைந்து வீழ்த்துகின்றது. அந்த ஒன்று கிளமர் மந்திரம். சிலந்தி வலையைச் சித்திரத் திரையாகவும், கொட்டையின் ஓட்டைப் பொற்படகாகவும், இடையன் குடிலை அரண்மனையாகவும் காட்ட வல்லது அது. குறிப்புரையிலே ஸ்கொற் அதற்குக் கண்கட்டு வித்தை என்னும் விளக்கத்தையும் தந்தார். நூல் பதிப்பின்மேற் பதிப்பாக விற்றது. சொல்லும் அதனோடு பரவியது. இலத்தீனிலே எழுத்துக் கலையாக வாழ்ந்த சொல், இலத்தீன் மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் கல்லறையைத் திறந்துகொண்டு மாயமாக எழுந்தது தற்செயலே. ஆயினும் மிகப் பொருத்தமான தற்செயல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவிலே டெனிசன், மலர்களிலிருந்து மந்திரத்தாற் பெண்ணைப் படைத்த உவேல்ஸ் நாட்டுப் பழங்கதையைச் சுட்டும்போது இச்சொல்லை ஆண்டார். அதன் பின்னர் நிறம் மெல்ல மெல்ல மங்கியது. நிலவொளியின் கிளமர், கீழ்த்திசை நாடுகளின் கிளமர், போர்க்களத்தின் கிளமர் என்றெல்லாம் எழுதலாயினர். வஞ்சனை என்ற பொருள் முற்றாக நீங்கவில்லை. அருகே போனாற் கலைந்துவிடும் அழகு என்ற சாயல் எஞ்சி நின்றது. இத்தகைய வாழ்வு கிளமருக்கு மட்டும் வாய்த்ததன்று. 'சார்ம்' என்பது 'கார்மென்' என்ற இலத்தீன் மந்திரப் பாட்டின் வழிவந்தது. 'ஃபசினேற்' என்பது கண்ணேறு செய்தலைக் குறித்த சொல். மதிப்பைக் குறிக்கும் 'பிரெஸ்ரீஜ்' இலத்தீனிலே செப்படி வித்தை. மனத்தை இழுக்கும் எதற்கும் ஆங்கிலேயர் மந்திரவாதியின் பையிலிருந்தே பெயர் எடுத்திருக்கின்றனர்.

பெண்ணழகின் பெயராக இச்சொல்லை நிலைநிறுத்தியது 1930களின் ஹொலிவூட். உலகப் பொருளாதார வீழ்ச்சியின் கொடிய ஆண்டான 1933இலே ஐக்கிய அமெரிக்காவில் உழைக்கும் மக்களில் நால்வருக்கு ஒருவர் வேலையின்றி நின்றனர். அவர்கள் சில சதம் கொடுத்து இருட்டறையிலே அமர்ந்து கண்டது பளிங்கு மாளிகைகளையும் வெண்பட்டு அணிந்த நங்கையரையும். அந்த நங்கையர் பிறந்தவர்கள் என்பதிலும் செய்யப்பட்டவர்கள் எனலாம். லூசில் லெசூயர் என்ற பெண்ணுக்கு 1925ஆம் ஆண்டு ஒரு சஞ்சிகைப் போட்டி வாயிலாக ஜோன் குரோபோட் என்ற பெயர் சூட்டப்பட்டது. மார்கரீத்தா கன்சினோ என்ற ஸ்பானிய வமிச நடனப் பெண்ணின் நெற்றி மயிர் வரிசையை மின்சாரத்தால் வேரறுத்துப் பின்தள்ளி, கூந்தலுக்குச் செந்நிறம் ஏற்றி, ரீட்டா ஹேவேர்த் ஆக்கினர்.

புகைப்படக் கலைஞர் ஜோர்ஜ் ஹரெல் இத்தொழிலின் தலைசிறந்த கைவினைஞர். விளக்குகளை உயர நிறுத்தி, கன்னத்தின் கீழ் நிழல் விழச் செய்து, கண்ணிமை மயிரின் நிழலும் தோலிலே படியுமாறு படமெடுப்பார். பின்னர் எதிர்மறைப் படத்தின்மீது கூரிய பென்சில் கொண்டு தோலின் புள்ளியும் சுருக்கமும் மறைக்கப்படும். ஜோன் குரோபோட்டின் முகம் நிறையப் புள்ளிகள் இருந்தன. படத்திலே ஒன்றும் இல்லை. அந்தத் தைலத்தை ஒரு கண்ணிலே தடவிக்கொண்டவர்கள் ஒப்பனை அறையில் இருந்தோர் மட்டுமே. 1939ஆம் ஆண்டிலே 'ஹொலிவூட்டின் கிளமர்' என்று பொருள்படும் பெயரோடு ஒரு பெண்கள் சஞ்சிகை அமெரிக்காவிலே தொடங்கியது. சில ஆண்டுகளிலே 'கிளமர்' என்ற ஒற்றைச் சொல்லையே பெயராக்கிக்கொண்டது. அதில் எங்கும் மந்திரம் என்ற பேச்சே இல்லை. சொல்லின் எழுத்திலே மட்டும் பழைய தடயம் ஒன்று இருக்கின்றது. இலத்தீன் வழி வந்த 'கலர்', 'ஒனர்' முதலியவற்றிலே யூகார எழுத்தைக் களைந்த அமெரிக்கர், ஸ்கொத்லாந்திலிருந்து வந்த இச்சொல்லிலே பெரும்பாலும் அதனை விட்டுவைத்தனர்.

தமிழிலே கவர்ச்சிக்குரிய சொற்களும் இந்த வரலாற்றுக்கு முற்றும் புறம்பானவை அல்ல. வசீகரம் என்பது வடமொழியில் ஒருவரைத் தன் வசமாக்கல்; மாந்திரிக நூல்கள் கூறும் எட்டுக் கருமங்களுள்ளே வசியமும் மோகனமும் ஆகர்ஷணமும் சேர்ந்தவை. அவற்றுள் மோகனம் இராகத்தின் பெயராகவும் வழங்குகின்றது. ஆகர்ஷணம், ஈர்ப்பு என்ற சொல் நிலைபெறுமுன், நிலத்தின் ஈர்ப்பு விசைக்கே பெயராய் அறிவியல் நூல்களில் இடம்பெற்றது. கவர்ச்சி மட்டும் தனித்தமிழ். கவர்தல் என்றால் பற்றிக்கொள்ளுதல், பறித்தல். அதிலே மந்திரம் இல்லை, கொள்ளை மட்டுமே உண்டு.

ஆனால் இலக்கணத்திற்கும் அழகிற்கும் தமிழிலே உள்ள உறவு ஆங்கிலத்தில் உள்ளதனினும் நெருங்கியது. இலக்கணம் என்பது 'லக்ஷணம்' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் என்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து. லக்ஷணம் என்றால் அடையாளம், குறி. ஒரு மொழியின் இயல்பைக் காட்டும் குறிகளைத் தொகுத்துக் கூறும் நூல் இலக்கணம் ஆயிற்று. ஓர் உடலின் நற்குறிகளைச் சுட்டிய அதே சொல் அழகின் பெயராகி இலட்சணம் என நின்றது. இடையிலே பேயும் இல்லை, சூனியமும் இல்லை, கண்கட்டும் இல்லை. எழுத்தறியாப் பாட்டியும் பேர்த்தியின் முகத்தைத் திருப்பிப் பார்த்து, 'பிள்ளை நல்ல இலட்சணம்' என்று சொல்கின்றாள். நன்னூலார் தம் நூலை எந்தச் சொல்லால் அழைத்தாரோ அந்தச் சொல்லையே அவளும் ஆள்கின்றாள்.